எட்டயபுரமும் தீட்சிதர் மரபும்

எட்டயபுரம், தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கரிசல் நிலத்து ஊர். பாரதியார் பிறந்த ஊர் என்றே பலரும் இதனை அறிவர். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் மறைந்ததும், அவருடைய கிருதிகள் சுரக்குறிப்புடன் பெருந்தொகுப்பாக அச்சேறியதும் இவ்வூரில்தான்.

பாலுசுவாமியும் வயலினும்

இம்மரபை எட்டயபுரத்துக்குக் கொண்டுவந்தவர் முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் குடும்பம் இருந்த காலத்தில், ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். கர்நாடக இசைக்கு அக்கருவியைப் பழக்கியவர்களுள் முன்னோடி இவரே. பின்னர் எட்டயபுரம் அரண்மனையில் ஆஸ்தான வித்துவான் ஆனார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. அதன் வரலாற்றில் இந்தச் சிற்றூருக்கும் இடம் உண்டு என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

அமிர்தவர்ஷினி

தம்பியைக் காண வந்த முத்துசுவாமி, வழியில் மழையின்றி வெடித்துக் கிடந்த நிலத்தைக் கண்டு ‘ஆனந்தாமிருதகர்ஷிணி’ என்ற கிருதியை அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடினார், மழை பெய்தது என்பது வழிவழிச் செய்தி. ஸ, க, ம, ப, நி என்ற ஐந்தே சுரங்கள் கொண்ட ராகம் அது. மழை பெய்ததை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பருத்தியும் கம்பும் வானத்தை மட்டுமே நம்பியிருக்கும் இந்தப் பூமியில் இக்கதை வேரூன்றியதில் வியப்பில்லை. 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் முத்துசுவாமி எட்டயபுரத்தில் காலமானார். அவர் நினைவிடம் அங்கே உள்ளது.

அச்சேறிய சொத்து

முத்துசுவாமிக்குப் பின் கிருதிகள் சீடர்களின் நினைவிலும் குடும்பத்துச் சுவடிகளிலும் மட்டுமே இருந்தன. அவற்றைக் காத்தவர் பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் (1839–1906). வாய்மொழியாகக் காத்த பாடல்களைப் பொதுவில் வைக்க அவருக்குத் தயக்கம் இருந்தது. அத்தயக்கத்தை உடைத்தவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய கிறித்தவர். கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் அச்சிட முனைந்தவர். பார்வை மங்கிவந்த நிலையில், 1899இல் எட்டயபுரம் அரசரின் பட்டாபிஷேகத்துக்கு வந்து, இப்பணியைத் தீட்சிதரைக் கொண்டு முடித்துத் தரும்படி அரசரிடமே வேண்டினார். அரசர் சொல்லைத் தீட்சிதர் தட்டவில்லை.

1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் வெளிவந்தது. 72 மேளங்களின் வரிசையில் ராகங்களுக்கு இலக்கணம், கீதம், கிருதி, சஞ்சாரி ஆகியவை தரப்பட்டுள்ளன. தீட்சிதர் கிருதிகள் மட்டும் 229. இசைவாணர் 76 பேரின் வாழ்க்கைக் குறிப்புகளும் உண்டு. வெறும் சுரங்களோடு நில்லாமல், ஒரு சுரத்தை எப்படி அசைக்க வேண்டும், எங்கே வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்குத் தனித்தனிக் கமகக் குறிகளும் அமைக்கப்பட்டன. பாடாந்தரச் சண்டை வரும்போதெல்லாம் இன்றும் வித்துவான்கள் இந்நூலைப் புரட்டுவது அதனால்தான்.

நூல் தெலுங்கில் அமைந்தது. அக்கால இசை வழக்கில் அது இயல்பு என்றாலும், தெலுங்கு எழுத்து அறியாத தமிழ் மாணவருக்கு, தம் மண்ணில் அச்சான நூலே எட்டாக்கனி ஆயிற்று. சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் பல பகுதிகளாக அதனைத் தமிழில் வெளியிட்டது.