கமலாவை மதம் மாற்றாத கிருபாபாய்

சென்ற வாரம் பாபா பத்மன்ஜியின் ‘யமுனா பர்யடன்’ பற்றிப் பார்த்தோம். 1857இல் மராத்தியில் வெளிவந்த அந்தக் கதை, விதவைகள் படும் பாட்டைச் சொல்லவென்றே எழுதப்பட்டது. எழுதியவர் கிறிஸ்தவம் தழுவியவர். தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வந்தது. அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். இந்த வரிசையில் அடுத்து வர வேண்டியவர் ஒரு பெண். மராத்திய மண்ணில் பிறந்து, பம்பாயில் படித்து, தமிழ்க் குடும்பத்தின் மருமகளாகி, மதராசில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதியவர். மும்பைத் தமிழர்களாகிய நாம் உரிமையோடு ‘நம்மவர்’ என்று சொல்லிக்கொள்ளத் தக்கவர். ஆனால் தாராவியிலும் சயானிலும் எத்தனை வீடுகளில் இவர் பெயர் தெரியும்?

அவர் கிருபாபாய் சத்தியநாதன்.

1878இல், பதினாறு வயதில், மருத்துவம் படிக்க அவர் மதராசுக்குப் போனார். பம்பாய்ப் பக்கத்து ரயில் பாதையும் மதராஸ் பாதையும் ராய்ச்சூரில் இணைந்து அப்போது ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. போரிபந்தரில் கிளம்பும் வண்டி சயான், குர்லா, தானே, கல்யாண் தாண்டி, போர் காட் மலையேறி, புனே வழியாகத் தெற்கே இறங்கும். பின்னாளில் நம் தாத்தாக்கள் இதே தடத்தில் எதிர்த்திசையில் வந்து தாராவியில் குடியேறினார்கள்.

பதினாறு வயதுப் பெண் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? காரணம், மதராஸ் மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. முதலில் சேர்ந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பின்னாளில் லண்டனில் பெயர்பெற்ற டாக்டரானார். கிருபாபாய்க்கு இங்கிலாந்து சென்று படிக்கவும் வாய்ப்பு வந்தது. உடம்பு கடல் பயணத்தைத் தாங்காது என்று அதைத் தடுத்துவிட்டார்கள். கல்யாணைச் சேர்ந்த ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கியது 1886இல். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே கிருபாபாய் மருத்துவ மாணவி. இன்று சயான் ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைக் கோட்டுடன் கூட்டமாகப் போகும் மாணவிகளைப் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

கிருபாபாய் பிறந்தது 1862இல், அகமத்நகரில். தந்தை ஹரிபந்த் கிஸ்தியும் தாய் ராதாபாயும் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள். பெரிய குடும்பம், பதினான்கு குழந்தைகளில் இவர் பதின்மூன்றாவது. தந்தை சீக்கிரமே இறந்துவிட்டார். அண்ணன்கள் பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காதில் வாங்கிக்கொள்வாள் சிறுமி. பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு புத்தகம், வீட்டு வேலையைப் பார் என்பது அம்மாவின் கண்டிப்பு. மூத்த அண்ணன் பாஸ்கர் மட்டும் தங்கையோடு சரிசமமாக உட்கார்ந்து பேசினார், வாசிக்க வைத்தார். அந்த அண்ணனும் இளம் வயதிலேயே போய்விட்டார். அவர் போனபின் மிஷன் பெண்மணிகளின் பராமரிப்பு, பிறகு பம்பாயில் விடுதிப் பள்ளி. மருத்துவ ஆசை விதைக்கப்பட்டது பம்பாயில்தான்.

மதராசில் அவர் தங்கியது சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகர் டபிள்யூ.டி. சத்தியநாதன் வீட்டில். அவர் மனைவி அன்னா சத்தியநாதன் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தியவர். படிப்பில் கிருபாபாய் முன்னணியில் நின்றார். ஆனால் ஒரே ஆண்டில் உடம்பு விழுந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு, புனேக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. டாக்டர் கனவு அத்தோடு சரி. பின்னர் மறுபடி மதராஸ் வந்தபோது, கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பியிருந்த போதகரின் மகன் சாமுவேல் அறிமுகமானார். 1881இல் திருமணம். சாமுவேலுக்கு ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளித் தலைமையாசிரியர் வேலை. அங்கே கிருபாபாய் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். தோடர்களைப் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதினார். ‘ஓர் இந்தியப் பெண்மணி’ என்ற பெயரில்தான் ஆரம்பக் கட்டுரைகள் வந்தன. பிறகு ராஜமுந்திரி, கும்பகோணம், 1886இல் மதராஸ்.

1887-88இல் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் ‘சகுணா’ தொடராக வெளிவந்தது. வாரப் பத்திரிகையில் தொடர் வாசிக்கும் உங்களுக்கு அந்தக் காத்திருப்பு நன்றாகத் தெரியும். அன்றைய வாசகர்களும் அப்படித்தான் இதழ் இதழாகக் காத்திருந்து படித்திருப்பார்கள். ஓர் இந்தியக் கிறிஸ்தவப் பெண், தான் வளர்ந்த கதையைத் தானே சொல்வது அதற்கு முன் யாரும் பார்த்திராத விஷயம்.

‘சகுணா’ பெரும்பாலும் அவருடைய சொந்தக் கதை. இதில் நான் நின்று நிதானித்த இடம் தாய் ராதாவின் பகுதி. விசுவாசத்தை வளர்க்க எழுதப்படும் கதைகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: இருளில் இருந்தார், ஒளியைக் கண்டார், எல்லாம் சரியாயிற்று. கிருபாபாய் அந்த வாய்ப்பாட்டை ஏற்கவில்லை. கணவன் மதம் மாறிவிட்டான். மனைவிக்கு அதில் சம்மதமில்லை. உற்றார் உறவு, பண்டிகை, ஆசாரம், பிறந்த வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்நிய மனிதர்கள் நடுவே வந்து நிற்கிறாள். அவளுடைய பயமும் அழுகையும் அப்படியே பதிவாகின்றன. அவள் மனம் மாற நெடுநாள் பிடிக்கிறது. அவள் கணவன் காத்திருக்கிறான். கிறிஸ்தவ விசுவாசியான மகள், தாய் இழந்ததை இழப்பு என்றே எழுதுகிறாள். சாட்சி சொல்வது என்று நம் சபைகளில் சொல்கிறோமே, அதற்கு இவ்வளவு நேர்மை வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதே நேர்மை மிஷன் பங்களாக்கள் பக்கமும் திரும்புகிறது. இந்தியக் கிறிஸ்தவர்களை ஒரு படி கீழே வைத்தே பார்த்த வெள்ளைக்காரப் பெண்மணிகளின் தோரணையைச் சகுணா கூச்சமில்லாமல் சொல்கிறாள். அவர்கள் செய்த நன்மையையும் மறைக்கவில்லை. தன்னை வளர்த்த சபையைப் பற்றி இப்படி எழுத 1880களில் எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

‘சகுணா’வை ஒட்டி வந்த ஆண்டுகள் கிருபாபாய்க்குக் கொடியவை. பிறந்த ஒரே குழந்தை முதல் பிறந்தநாளைக் காணவில்லை. மாமியார், மாமனார் அடுத்தடுத்து மறைந்தார்கள். அவரையும் நோய் பிடித்துக்கொண்டது. பிழைப்பது கடினம் என்று தெரிந்துவிட்டது. அந்தப் படுக்கையில் கிடந்தபடிதான் இரண்டாவது நாவலான ‘கமலா’வை எழுதினார். காலம் போதாது என்று தெரிந்தவருடைய அவசரம் அது. 1894இல் புத்தகம் வந்தது. அதே ஆண்டு, முப்பத்திரண்டு வயதில், அவர் இறந்தார். ‘சகுணா’ புத்தக வடிவம் பெற்றது அடுத்த ஆண்டில்தான்.

கமலா ஓர் இந்துப் பெண். மலையடிவாரத்தில், துறவியாக வாழும் தகப்பனிடம் வளர்ந்தவள். சிறு வயதில் கல்யாணம், மாமியார் வீட்டுக் கொடுமை, வேறொருத்தியிடம் மயங்கும் கணவன், இறந்துபோகும் குழந்தை, கடைசியில் வைதவ்யம். குழந்தை சாகும் பக்கங்களை எழுதியவர் தன் குழந்தையைப் பறிகொடுத்தவர் என்பதை மறந்துவிட்டு வாசிக்க முடியாது. கமலாவை விரும்பும் நல்லவன் ஒருவன் மறுமணம் செய்துகொள்ளக் கேட்கிறான். அவள் மறுத்துவிட்டு, விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் தன்னைக் கொடுத்துவிடுகிறாள்.

இங்கேதான் கிருபாபாய் என்னை வியக்க வைக்கிறார். மரணப் படுக்கையில் இருக்கும் விசுவாசி, மிஷன் வட்டாரத்து இதழில் எழுதிப் பழகியவர், தன் கதாநாயகியை ஞானஸ்நானத்துக்கு அழைத்துப் போகவில்லை. கமலா இந்துவாகவே வாழ்ந்து, இந்துவாகவே அறம் செய்கிறாள். நாவலில் குறைகள் உண்டு. நடுநடுவே ஆசிரியர் குறுக்கே வந்து இந்து வீடுகளின் வழக்கங்களை விளக்கும் இடங்களில் மிஷன் பிரசுரத்தின் வாடை அடிக்கிறது. அந்தப் பக்கங்கள் இன்று பழசாகிவிட்டன. ஆனால் கமலாவுக்கு எந்த முடிவு பொருந்தும் என்று வந்தபோது, அவர் பாத்திரத்துக்கே உண்மையாக நின்றார். அயலானைத் தன்னைப்போல் நேசிப்பதை நாவல் வடிவில் செய்து காட்டியது இந்த முடிவு. இன்று விசுவாசக் கதை எழுத உட்காரும் ஒவ்வொருவரும் முதலில் இதைப் படிக்க வேண்டும்.

அவர் மறைந்தபின் மதராசில் அவர் பெயரால் மருத்துவம் படிக்கும் பெண்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். 1896இல் இரண்டு நாவல்களுமே தமிழில் மொழிபெயர்க்கப்பட்டன. அதாவது நம் கொள்ளுப்பாட்டிகள் காலத்திலேயே கமலா தமிழ் பேசிவிட்டாள். பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் மறதி. 1990களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் ஆங்கில மூலங்களை மறுபடி அச்சிட்டபின்தான் கல்லூரிகளில் பேச ஆரம்பித்தார்கள்.

சயான், தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வரும் ‘நற்போதகம்’ இதழுக்குப் பக்கத்தில் இந்த இரண்டு நாவல்களுக்கும் இடம் கொடுங்கள். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு மாதம் ‘சகுணா’வை எடுத்து வாசியுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். இன்றைய தமிழில் அவர்களே மொழிபெயர்க்கட்டும். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

(தொடரும்)