கௌச்சோவின் குதிரையில் ஒரு விடுமுறை

விடுமுறை என்றதும் நம் குடும்பங்களில் எழும் பேச்சு பெரும்பாலும் மூன்று வகைப்படும். மலைவாசஸ்தலத்துக்குப் போகலாமா, க்ஷேத்திர யாத்திரை செய்யலாமா, அல்லது அதிகச் செலவில்லாமல் மாமா வீட்டிலேயே ஒரு மாதத்தைக் கழித்துவிடலாமா என்பவையே அவை. பூமியின் மறுகோடியில் உள்ள அர்ஜென்டினா தேசத்தில் நான்காவது வழி ஒன்று இருக்கிறது. மாட்டுப் பண்ணை ஒன்றுக்குப் போய், விடியற்காலையில் எழுந்து, குதிரைமேல் ஏறி, பண்ணை ஆட்களோடு சேர்ந்து மாடு ஓட்டுவதுதான் அது. உள்ளூர்ப் பட்டணவாசிகளும், கடல் கடந்து வரும் வெளிநாட்டாரும் இதற்காகப் பணம் கொடுத்துப் போகிறார்கள்.

கூலி வாங்கிக்கொண்டு மாடு மேய்ப்பதுதான் உலக வழக்கம். கூலி கொடுத்து மேய்ப்பவர்களும் உண்டா என்று நேயர்கள் சிரிக்கலாம். ஆனால் சிரிப்போடு விட்டுவிடக் கூடிய விஷயம் அன்று இது. ஒரு தேசம் தன் உழைப்பாளி ஒருவனை முதலில் சட்டத்தால் துரத்தியது. பிறகு காவியத்தில் ஏற்றிப் போற்றியது. இப்போது விருந்தினருக்குக் காட்டி மகிழ்கிறது. இவற்றுள் எது அவனுக்கு உண்மையான மரியாதை? குதிரைச் சவாரி விடுமுறையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியையும் உடன் வைத்துக் கொள்வோம்.

புல்வெளியின் புதல்வர்கள்

பியூனஸ் அயர்ஸ் நகரைச் சுற்றிப் பல நூறு மைல் தூரம் பரந்து கிடக்கும் சமவெளிக்குப் பாம்பா என்று பெயர். மலை மறைக்காத வானமும், கடலைப்போல் முடிவில்லாத புல்லும் அங்கே காட்சியளிக்கும். அந்தப் புல்வெளியில் ஆதியில் குதிரையும் கிடையாது, மாடும் கிடையாது. 1536-இல் பெத்ரோ தே மெந்தோசா என்ற ஸ்பானியத் தலைவர் குதிரைகளோடு வந்திறங்கி அங்கே ஒரு குடியேற்றத்தை அமைத்தார். பசியையும் பழங்குடியினரின் எதிர்ப்பையும் தாங்க முடியாமல் 1541-இல் அது கைவிடப்பட்டது. 1580-இல்தான் ஹுவான் தே கராய் என்பவர் நகரத்தை மறுபடியும் நிறுவினார். மனிதர் நிலைக்க முடியாத இடத்தில் குதிரைகள் நிலைத்தன. கைவிடப்பட்டவையும், பிற திசைகளிலிருந்து வந்து சேர்ந்தவையும் மந்தை மந்தையாகப் பெருகின. குட்டையான உடலும், கல் போன்ற குளம்பும், கிடைத்ததைத் தின்று காலந்தள்ளும் குணமும் உடைய அந்த வம்சமே இன்று கிரியோயோ என்ற பெயரால் பிரசித்தி பெற்றிருக்கிறது.

குதிரையும் மாடும் பெருகிய வெளியில் அவற்றோடு வாழும் மனிதனும் தோன்றினான். அவனே கௌச்சோ. ஸ்பானிய இரத்தமும் பழங்குடி இரத்தமும் அவன் உடலில் கலந்து ஓடின. தோல் வாரில் கோத்த கல் உருண்டைகளைச் சுழற்றி எறிந்து, ஓடும் விலங்கின் காலைப் பின்னி வீழ்த்தும் வித்தையை அவன் பழங்குடியினரிடம் கற்றான். காட்டு மாடுகளைப் பிடித்துத் தோலுரித்து விற்பது அவன் தொழில். வேலியும் வீடும் இல்லாத வாழ்க்கை; சேணமே படுக்கை, போர்வையே கூரை.

துரத்தப்பட்டவன் நாயகன் ஆனான்

இத்தகைய சுதந்திரம் நிலவுடைமையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. 1815-இல் பியூனஸ் அயர்ஸ் மாகாணத்தில் ஓர் உத்தரவு பிறந்தது. சொத்து இல்லாத நாட்டுப்புறத்தான் ஒவ்வொருவனும் எசமானன் கொடுத்த வேலைச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்; சீட்டு இல்லாதவன் நாடோடி என்று கருதப்பட்டுப் பட்டாளத்துக்கு அனுப்பப்படுவான். தன் சொந்தப் புல்வெளியில் குதிரை ஓட்டுவதே குற்றமாகிவிட்டது! பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கம்பிவேலி வந்தது. 1857-இல் முதல் ரயில் ஓடியது. 1879-இல் தளபதி ரோக்கா நடத்திய படையெடுப்பில் தெற்கே இருந்த பழங்குடியினரின் நிலங்களும் பறிபோயின. திறந்த வெளி பண்ணை பண்ணையாகத் துண்டு போடப்பட்டது. எஸ்டான்சியா எனப்படும் அந்தப் பெரும் பண்ணைகளில் கௌச்சோ கூலியாள் ஆனான்.

அவன் மறைந்துகொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் அவன் குரல் இலக்கியத்தில் ஒலித்தது. ஹோசே எர்னாந்தெஸ் என்ற பத்திரிகையாசிரியர் 1872-இல் ‘மார்ட்டின் ஃபியெரோ’ என்ற காவியத்தை வெளியிட்டார். மனைவி மக்களிடமிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, எல்லைக் கோட்டையில் காவல் காக்க நேர்ந்த ஒரு கௌச்சோவின் கதை அது. அதன் இரண்டாம் பாகம் 1879-இல் வந்தது. எர்னாந்தெஸ் பிறந்த நவம்பர் 10-ஆம் தேதியை மாகாண அரசு 1939-இல் பாரம்பரியத் தினமாக ஏற்றது. 1975-இல் அது தேசம் முழுவதற்கும் உரியதாயிற்று. எந்த ஆட்சி கௌச்சோவைச் சீட்டுக் கேட்டுத் துரத்தியதோ, அதே ஆட்சியின் வாரிசுகள் அவனைத் தேசத்தின் அடையாளமாக்கினார்கள்.

1926-இல் ரிக்கார்தோ குவிரால்தெஸ் ‘தோன் செகுந்தோ சொம்ப்ரா’ என்ற நாவலை எழுதினார். தம் குடும்பப் பண்ணை இருந்த சான் அந்தோனியோ தே அரேக்கோ வட்டாரத்தில் பழகிய ஒரு வயது முதிர்ந்த கௌச்சோவையே அவர் அதில் கதாநாயகனாக்கினார். அந்த ஊரில் 1938-இல் திறக்கப்பட்ட கௌச்சோ காட்சிசாலை இன்று அவர் பெயரால் விளங்குகிறது. நமக்கு இந்த எழுத்தாளரிடம் ஒரு தனிப் பற்று ஏற்படக் காரணம் உண்டு. இளமையில் இந்தியாவைப் பார்த்துச் சென்ற அவர், கடைசிக் காலத்தில் நம் தத்துவ நூல்களில் ஆழ்ந்து, மறுபடி இங்கு வர விரும்பியிருந்தார். 1927-இல் பாரிஸில் மரணம் அவரை முந்திக்கொண்டது. அவர் மனைவி அதெலினா தெல் காரில் அம்மையார் பிற்பாடு இந்தியாவுக்கு வந்து, பெங்களூரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

விருந்தாளியின் ஒரு நாள்

இனி விடுமுறைக்கு வருவோம். பண்ணையில் பொழுது மாத்தே பானத்தோடு புலர்கிறது. சுரைக் குடுக்கையில் பச்சிலைத் தூளை நிரப்பி, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவார்கள். ஒரே குடுக்கை, ஒரே குழல். அதுவே சுற்றியிருக்கும் எல்லோருக்கும் முறை வைத்து வரும். எச்சில் பார்க்கும் நம்மவர்களுக்கு இது முதல் சோதனை! இன்னொரு சூட்சுமமும் உண்டு. குடுக்கையைத் திருப்பித் தரும்போது ‘கிராசியாஸ்’, அதாவது வந்தனம் என்று சொன்னால், ‘போதும், இனி வேண்டாம்’ என்பது பொருள். மரியாதை அதிகமுள்ள விருந்தாளி முதல் வாயிலேயே வந்தனம் சொல்லிவிட்டு, அடுத்த முறை தம்மைத் தாண்டிப் போகும் குடுக்கையை ஏக்கத்தோடு பார்க்க வேண்டியதுதான்.

அதற்குள் குதிரைகள் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதில்லை. மந்தையில் ஒரு பெட்டைக் குதிரையின் கழுத்தில் மணி கட்டியிருக்கும். அதற்கு ‘மத்ரீனா’ என்று பெயர். ஞானத்தாய் என்று சொல்லலாம். அந்த மணியோசை எங்கே போகிறதோ அங்கே மற்றக் குதிரைகள் எல்லாம் போகும். ஆகவே மத்ரீனாவை ஓட்டிவந்தால் மந்தையே வந்துவிடும்.

சேணத்தைப் பார்த்ததும் புதியவருக்குச் சற்றுத் தைரியம் பிறக்கும். ‘ரெக்காதோ’ என்னும் அந்தச் சேணம் பல அடுக்குகள் கொண்டது. வியர்வையை வாங்கும் துணி, தோல் விரிப்பு, இரண்டு திண்டுகள், இறுக்கும் வார், எல்லாவற்றுக்கும் மேலே மெத்தென்ற ஆட்டுத்தோல் என்று வரிசையாக அடுக்குவார்கள். பழைய கௌச்சோ இரவில் இதையே பிரித்துப் படுக்கையாக விரித்தான். மாடு பிடிப்பவனுக்குக் கயிறு வீச வலது கை வேண்டும்; ஆகையால் கடிவாளத்தை இடது கையில் மட்டும் தளர்வாகப் பிடிப்பார்கள். வாரைக் கழுத்தின் ஒரு பக்கத்தில் மெல்லப் பட வைத்தால் குதிரை மறுபக்கம் திரும்பும். இழுப்பதும் பறிப்பதும் கூடாது. குதிரைக்கு வேலை தெரியும். ஏறியவர் அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும் என்பதே முதல் பாடம்.

பிறகு வேலை. மாடுகளை ஒரு மேய்ச்சல் கட்டிலிருந்து மற்றொரு கட்டுக்கு மாற்ற வேண்டும். பண்ணையாட்கள் பின்னாலும் பக்கத்திலும் போக, விருந்தாளியை மந்தையின் ஓரத்தில் ஓரிடத்தில் நிறுத்துவார்கள். அவசரப்பட்டுப் பாய்ந்தால் மந்தை கலையும்; அயர்ந்து நின்றால் கன்று நழுவும். வேலியை மேற்பார்வையிடுவது, நோயுற்ற மாட்டைப் பிரித்தெடுப்பது என்று பொழுது போகும். நண்பகலில் கணப்பின் ஓரத்தில் இறைச்சி வாட்டும் வைபவம் நடக்கும். மரக்கறி உணவினர் ரொட்டியோடும் பழத்தோடும் திருப்தியடையச் சித்தமாக இருக்க வேண்டும். நாள் முடிவில் குதிரையைவிட்டு இறங்கும்போது, இதுவரை இருப்பதே தெரியாத சில எலும்புகள் உடம்பில் இருப்பது தெரியவரும்.

இடத்துக்கு இடம்

கௌச்சோ எங்கும் ஒரே மாதிரி இல்லை. வடமேற்கே சால்தா மாகாணத்தில் முட்புதர்க் காடுகள் அதிகம். ஆகவே அங்கே குதிரையின் இரு பக்கமும் சிறகு விரித்ததுபோல் பெரிய தோல் தடுக்குகளைக் கட்டி, முள் தைக்காதபடி காலை மறைத்துக் கொள்வார்கள். சிவப்பில் கருங்கோடு இட்ட அவர்களுடைய போர்வை, விடுதலைப் போரில் கௌச்சோப் படையை நடத்திய தளபதி குவெமெஸை நினைவூட்டுவது. அவர் 1821 ஜூன் 17-இல் உயிர் நீத்தார். ஆண்டுதோறும் அதற்கு முந்தைய இரவில், அவருடைய சிலையருகே கௌச்சோக்கள் தீ மூட்டிக் கண்விழிக்கிறார்கள். வடகிழக்கே கொரியெந்தெஸ் மாகாணத்தின் இபெரா சதுப்பு நிலத்தில் குதிரை தண்ணீரில் நடக்கிறது. சில இடங்களில் ஓடத்தையே குதிரை இழுத்துச் செல்கிறது. வண்டிச் சக்கரம் புதையும் அந்தப் பூமியில் குதிரை அலங்காரப் பொருள் ஆகவில்லை.

மேற்கே மெந்தோசா, சான் ஹுவான் மாகாணங்களில் வேறொரு யாத்திரை உண்டு. 1817-இல் தளபதி சான் மார்ட்டின் ஏறக்குறைய ஐயாயிரம் வீரர்களோடு ஆண்டஸ் மலையைக் கடந்து, பிப்ரவரி 12-ஆம் தேதி சக்காபூக்கோவில் வெற்றி கண்டு, சிலி தேசத்தின் விடுதலைக்கு வழி திறந்தார். அவர் கொண்டுபோன குதிரைகளிலும் கோவேறு கழுதைகளிலும் பெரும்பகுதி வழியிலேயே மாண்டது. பனி விலகும் கோடை மாதங்களில், அதாவது நமக்கு மார்கழி, தை ஆகும் காலத்தில், சாதாரண மக்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஏறி அந்த வழிகளில் பல நாள் பயணம் செய்கிறார்கள். சரித்திரப் பாடத்தை முழங்கால் வலியோடு படிப்பவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

இந்தக் குதிரைகளின் திறத்தை உலகுக்கு நிரூபித்தவர் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் என்பதில் நம் வகுப்பார் சற்றுப் பெருமைப்படலாம். சுவிட்சர்லாந்தில் பிறந்து அர்ஜென்டினாவில் ஆசிரியராக இருந்த எய்மே சிஃபெலி, மாஞ்சா, காத்தோ என்ற இரண்டு கிரியோயோக் குதிரைகளோடு 1925 ஏப்ரலில் பியூனஸ் அயர்ஸிலிருந்து புறப்பட்டார். இரண்டும் இளமை கடந்தவை. காத்தோ காயமுற்று மெக்ஸிகோவில் நின்றுவிட, 1928 செப்டம்பர் 20-இல் அவர் மாஞ்சாவோடு நியூயார்க் சேர்ந்தார். பாதையின் நீளம் ஏறக்குறைய பதினாயிரம் மைல். அந்தத் தேதியே இன்று அர்ஜென்டினாவில் குதிரைத் தினம்.

வேடமா, வேலையா?

தலைநகரத்துக்கு அருகே உள்ள சில பண்ணைகளில் ஒரு நாள் உல்லாசம் நடக்கிறது. விருந்து, நடனம், அரை மணி நேரச் சவாரி. பின்பு, தொங்கவிட்ட சின்னஞ்சிறு வளையத்தைப் பாய்ந்து வரும் குதிரையிலிருந்து குச்சியால் கோத்தெடுக்கும் பந்தயம். பார்க்க இனிமையானதுதான். ஆனால் விருந்தினர் வண்டியேறிய பின் அங்கே குதிரைக்கு வேலை ஒன்றுமில்லை. இதற்குப் பண்ணையாரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 1996-க்குப் பிறகு பாம்பாவில் சோயாப் பயிர் வேகமாகப் பரவியது. மாடுகள் மற்ற மாகாணங்களுக்கும், தீனி போட்டுக் கொழுக்க வைக்கும் பட்டிகளுக்கும் தள்ளப்பட்டன. உழும் நிலத்தில் கயிறு வீசுபவனுக்கு என்ன வேலை? விருந்தினர் தரும் பணம் இல்லாவிட்டால் சில பண்ணை வீடுகளும், சேணம் செய்வோர், வெள்ளி வேலைக்காரர், தோல் பின்னுவோர் முதலிய கைவினைஞர்களும் நிலைப்பது கடினம்.

ஆகவே விருந்தாளி வருவதில் தவறில்லை. அவர் எதற்கு வருகிறார் என்பதே கேள்வி. அவர் வராவிட்டாலும் இன்று காலை அந்தக் குதிரை வேலைக்குப் புறப்பட்டிருக்குமா? ஆம் என்றால் அவர் ஒரு தொழிலுக்கு விருந்தாளி. இல்லை என்றால் அவர் நாடகக் கொட்டகையில் டிக்கெட்டு வாங்கியவர். கொரியெந்தெஸ் சதுப்பிலும் சால்தா முட்காட்டிலும் அந்தக் கேள்விக்கு ஆம் என்ற பதில் இன்னும் கிடைக்கிறது.

இரண்டாவது கேள்வி ஒன்றும் உண்டு. ‘மார்ட்டின் ஃபியெரோ’ வெளிவந்து எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, பாரம்பரியத் தினம் ஏற்பட்ட பின்னும் ஐந்து ஆண்டுகள் சென்று, 1944-இல்தான் பண்ணையாளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அப்போது தொழில் இலாகாவை நடத்திய பெரோன் அதைக் கொண்டுவந்தார். குறைந்தபட்சக் கூலி, ஞாயிறு ஓய்வு, தங்குவதற்குத் தக்க இடம், சம்பளத்தோடு கூடிய விடுமுறை ஆகியவை அதில் இருந்தன. 1980-இல் இராணுவ ஆட்சி அதை ரத்து செய்து வேறு சட்டம் வைத்தது; 2011-இல் மறுபடி புதுச் சட்டம் இயற்றப்பட்டது. காவியத்தில் புகழ் பெறுவதைவிடச் சட்டத்தில் ஓர் ஓய்வு நாள் பெறுவது அவனுக்கு எவ்வளவு கடினமாயிருந்தது, பாருங்கள்!

உழைப்பாளியின் உடையைக் கொண்டாடுவது எந்தத் தேசத்துக்கும் எளிது. அவன் கூலியைக் கொண்டாடுவதுதான் அரிது. அர்ஜென்டினாவின் புல்வெளியில் விடுமுறையை அனுபவிக்கச் செல்பவர், மாலையில் இறங்கிக் கடிவாளத்தைப் பண்ணையாளின் கையில் கொடுக்கும்போது, ‘உமக்கு விடுமுறை எப்போது?’ என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அதற்குத் தெளிவான பதில் கிடைக்கும் பண்ணையே மறுபடி போகத் தகுந்த பண்ணை.