எலும்பைத் தின்னும் "குட்டி மாத்திரை"! மூட்டுவலிக்காரர்களே, உஷார்!

சென்னை,
லாரி மோதவில்லை. மாடியில் இருந்து விழவில்லை. காலையில் பால் வாங்கப் போன 58 வயதுப் பெண், வாசற்படியில் கால் இடறி உட்கார்ந்த நிலையில் விழுந்தார். அவ்வளவுதான். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது!

அந்தப் பெண் வேறு யாரும் அல்ல. இந்த நிருபரின் பெரியம்மா.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "இவ்வளவு லேசான விழுகைக்கு எலும்பு இப்படி உடையாதே! ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

பெரியம்மா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலை, பாக்கு, சில்லறை. அவற்றோடு பட்டையில் இருந்து கத்தரித்து எடுத்த குட்டி வெள்ளை மாத்திரைகள்!

"முட்டி வலிக்கு மருந்து கடையில குடுத்தது டாக்டரய்யா. மூணு வருஷமா போடுறேன். போட்ட அன்னிக்கே வலி பறந்துடுச்சு" என்றார்.

டாக்டர் தலையில் கை வைத்துக் கொண்டார். அது ஸ்டீராய்டு மாத்திரை!

கொலை, கொள்ளை, வழிப்பறி என்று தினமும் போலீஸ் நிலையங்களில் சுற்றுகிறவன் நான். என் வீட்டுக்குள்ளேயே மூன்று வருஷம் நடந்த திருட்டு எனக்குத் தெரியவில்லை. அதைத் துப்பறிந்ததில் கிடைத்த விவரம் இது:-

மந்திர மருந்து வந்த கதை

நம் சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஊறும் ஹார்மோனைப் போல தயாரிக்கப்பட்டதுதான் இந்த வகை ஸ்டீராய்டு. 1948-ம் ஆண்டு அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர் பிலிப் ஹென்ச், மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு "கார்ட்டிசோன்" ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. 1950-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால் மருந்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களின் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு பொடிந்தது. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே எலும்பு வேகமாகக் கரையத் தொடங்குகிறது என்பது இப்போது தெரிந்த உண்மை.

ஆஸ்துமா, சிறுநீரக நோய், மூட்டு வாதம் ஆகியவற்றுக்கு டாக்டர் அளந்து கொடுக்கும்போது இதுவே உயிர் காக்கும் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். "வலி மாத்திரை ரெண்டு குடுப்பா" என்று கேட்டு வாங்கி விழுங்குவதில்தான் வில்லங்கமே!

தோண்டும் கோஷ்டி, நிரப்பும் கோஷ்டி

எலும்பு என்பது கல் மாதிரி செத்த பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது உயிருள்ள பொருள். ஒரு கோஷ்டி செல்கள் பழைய எலும்பைத் தோண்டி எடுக்கின்றன. இன்னொரு கோஷ்டி புது எலும்பை வைத்து நிரப்புகிறது. நம்ம ஊர் ரோடு மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே தோண்டிய பள்ளத்தை ஒழுங்காக மூடிவிடுகிறார்கள்!

30 வயது வரை நிரப்பும் கோஷ்டியின் கை ஓங்கி இருக்கும். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக தோண்டும் கோஷ்டி ஜெயிக்கும். ஸ்டீராய்டு என்ன செய்கிறது? நிரப்பும் கோஷ்டிக்கு வேலையே கொடுக்காமல் உட்கார வைத்துவிடுகிறது. சாப்பாட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் உடம்பில் சேர விடுவதில்லை.

பெண்களுக்கு இரட்டை அடி

தோண்டும் கோஷ்டியை அடக்கி வைக்கும் மேஸ்திரி, "ஈஸ்ட்ரோஜன்" என்ற பெண் ஹார்மோன். மாதவிலக்கு நின்றதும் மேஸ்திரி வேலையை விட்டுப் போய்விடுகிறார். அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் சிலருக்கு 20 சதவீதம் வரை எலும்பு கரைந்துவிடுகிறது. இந்தத் தொடர்பை 1941-லேயே எடுத்துச் சொன்னவர் பாஸ்டன் நகர டாக்டர் புல்லர் ஆல்பிரைட்.

"அப்படியானால் அந்த ஹார்மோனையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 16,608 பெண்களைச் சேர்த்து பெரிய சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை.

இடுப்பு எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் 2002-ம் ஆண்டு ஜூலையில் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். காரணம்? 10 ஆயிரம் பெண்களுக்கு ஒரு வருஷத்தில் 5 இடுப்பு முறிவு குறைந்தால், மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், மாரடைப்பு 7 பேருக்கும் கூடுதலாக வந்தது!

அதற்காக ஹார்மோன் மாத்திரையே விஷம் என்று சொல்லிவிட முடியாது. 60 வயதுக்குக் கீழே, மாதவிலக்கு நின்று 10 ஆண்டு ஆகாத பெண்களில் பலருக்கு நன்மையே அதிகம் என்று பின்னால் தெரிந்தது. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும்.

தைராய்டு மாத்திரையும் ஹார்மோன்தான். தேவைக்கு மேல் போனால் அதுவும் எலும்பைக் கரைக்கும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் பழைய சீட்டையே வருஷக்கணக்கில் நீட்டுவது ஆபத்து.

25 வயதுக்காரிக்கு 51 வயது எலும்பு!

"சரி, நான் தினமும் ஓடுகிறேன். எனக்கு என்ன கவலை?" என்று சொல்பவர்களுக்கும் ஒரு சேதி உண்டு. 1984-ல் அமெரிக்காவில் பார்பரா டிரிங்க்வாட்டர் என்ற ஆராய்ச்சியாளர், கடும் பயிற்சியால் மாதவிலக்கு நின்றுபோன 14 விளையாட்டு வீராங்கனைகளைச் சோதித்தார். அவர்களின் சராசரி வயது 25. முதுகெலும்பின் அடர்த்தியோ 51 வயதுப் பெண்களுடையது போல இருந்தது!

வயிற்றுக்குப் போதிய சாப்பாடு இல்லாமல் உடம்பைப் பிழிந்தால் ஹார்மோன் வற்றும். ஹார்மோன் வற்றினால் எந்த ஓட்டமும் எலும்பைக் காப்பாற்றாது. "ஒல்லியாகணும்" என்று பட்டினி கிடந்து பயிற்சி செய்யும் பெண்பிள்ளைகள் இதை மறக்கக்கூடாது.

சுமந்தால்தான் பலம்

அதேசமயம் பயிற்சி இல்லாமலும் எலும்பு நிற்காது. எலும்பு சுமையைப் பார்த்து வளரும் என்று 1892-லேயே ஜெர்மன் டாக்டர் ஜூலியஸ் வோல்ப் எழுதினார். டென்னிஸ் வீரருக்கு மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்ற கையைவிட தடிமனாக இருப்பது இதனால்தான். எடையே இல்லாத விண்வெளியில் மிதக்கும் வீரர்களுக்கோ, இடுப்பு எலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1½ சதவீதம் கரைகிறது.

2018-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் சுவையானது. 58 வயதைத் தாண்டிய, எலும்பு மெலிந்த 101 பெண்கள். ஒரு பிரிவுக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளர் கண் முன்னால் கனமான எடை தூக்கும் பயிற்சி. எட்டு மாதத்தில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்த மற்ற பிரிவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது!

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. எலும்புக்கு அது மட்டும் போதாது. நீச்சலும் சைக்கிளும் எலும்புக்குச் சுமை தருவதில்லை. மாடிப்படி ஏறுவது, எடை தூக்குவது, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது இவையே உதவும். ஆனால் ஏற்கனவே எலும்பு முறிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் குனிந்து சுமை தூக்கக்கூடாது.

என்ன செய்யவேண்டும்?

* ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் திடீரென நிறுத்தக்கூடாது. வெளியில் இருந்து வருகிறதே என்று உடம்பு தன் சுரப்பை நிறுத்தியிருக்கும். சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

* மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால், எலும்பு அடர்த்தி பார்க்கும் "டெக்சா" சோதனை தேவையா என்று கேளுங்கள்.

* வீட்டில் வழுக்கும் குளியலறை, இருட்டான படி இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். விழாமல் இருப்பதே பாதி வைத்தியம். பெயர்ந்த நடைபாதைக் கல்லை மாநகராட்சி கவனிக்கட்டும்!

* மருந்து கடை அண்ணாச்சிகளுக்கு ஒரு வார்த்தை. வலியோடு வந்து நிற்பவர் உங்கள் அம்மா வயதுக்காரர். சீட்டு இல்லாமல் அந்தப் பட்டையைக் கத்தரிக்காதீர்கள்.

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார். தினமும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் இருந்து பத்து முறை எழுந்து உட்காருகிறார்.

"வலிக்குதா பெரியம்மா?" என்று நேற்று கேட்டேன்.

"வலிக்கத்தான்டா செய்யுது. ஆனா இந்த வலி என்னான்னு எனக்குத் தெரியுது. அது தெரியாம இருந்ததுதான் தப்பாப் போச்சு" என்றார்.

சுருக்குப்பையில் இப்போது வெற்றிலை, பாக்கு, சில்லறை மட்டுமே இருக்கிறது.