பட்டிப்பூவின் பெயரில் ஒளிந்திருக்கும் எச்சரிக்கை

பட்டிப்பூ இலையை நீரிழிவுக்கு அவித்துக் குடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நித்தியகல்யாணி என்பதும் இதுவே. இதன் பழைய தாவரவியற் பெயர் விங்கா ரோசியா. இலத்தீனில் ‘வின்கீரே’ என்றால் கட்டுதல். கொடிபோலப் படரும் ஐரோப்பிய உறவுச்செடிக்கு வைத்த பெயர், நிமிர்ந்து நிற்கும் நம் செடிக்கும் ஒட்டிக்கொண்டது. ‘ரோசியா’ ரோசாநிறம். இன்று செடியின் பெயர் கதராந்தஸ் ரோசியஸ். ஆனால் அந்த ‘வின்’ வின்பிளாஸ்ரின், வின்கிறிஸ்ரின் என்னும் புற்றுநோய் மருந்துகளில் இன்னும் இருக்கிறது.

1950களில் கனடாவில் நோபிள், பீர் என்ற ஆய்வாளர்கள் இவ்விலையை நீரிழிவுக்கென்றே எலிகளில் சோதித்தார்கள். சீனி குறையவில்லை. சாற்றை ஊசியால் ஏற்றியபோது வெள்ளை இரத்த அணுக்கள்தான் குறைந்தன! அதிலிருந்து வந்ததே வின்பிளாஸ்ரின். அதை வைத்தியசாலையில் இரத்தம் சோதித்து, மில்லிகிராம் கணக்கில் ஏற்றுவார்கள். வீட்டுக் கசாயத்துக்கு அளவேது? செடியும் நச்சுத்தன்மை உடையது. ஏற்கெனவே குடிப்பவர்கள் நிறுத்திவிட்டு, உங்கள் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.