22-ஆம் நம்பர் கவுன்ட்டர்!

பாங்க்கில் முக்கால் மணி நேரம் க்யூவில் நின்று, கவுன்ட்டரை நெருங்கியதும் ‘இது டி.டி. கவுன்ட்டர் சார், அந்தப் பக்கம் போங்க’ என்று விரட்டப்பட்ட அனுபவம் உண்டா? இன்டர்நெட்டில் அந்தத் தொல்லை கிடையாது.

அங்கே ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு பாங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலாசம் ஒன்று. உள்ளே 0 முதல் 65,535 வரை கவுன்ட்டர்கள். இவற்றுக்குத்தான் ‘போர்ட்’ என்று பெயர். நம்பர் எழுத 16 பிட் இடம்தான் ஒதுக்கியிருப்பதால் அதோடு சரி! மெயில் அனுப்ப 25, வெப் பக்கம் பார்க்க 80, அதையே பூட்டுப் போட்டுப் பத்திரமாகப் பார்க்க 443. உலகம் பூரா இதே நம்பர்கள். அதனால்தான் யாரையும் விசாரிக்காமல் நேராகப் போக முடிகிறது.

யார் போட்ட நம்பர்? 1972 மே மாதம் அமெரிக்காவில் ஜான் போஸ்டல் என்ற இளைஞர் ஒரு குறிப்பு எழுதினார். ‘நம்பர் கொடுக்க ஒரு ராஜா வேண்டும். நானே இருக்கட்டுமா?’ என்கிற தோரணையில்! யாரும் சண்டைக்கு வரவில்லை. அந்த வேலை பிற்பாடு ‘ஐயானா’ என்று பெயர் பெற்றது. 1998-இல் இறக்கும்வரை மனுஷர் அதை விடவில்லை.

1995-இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ புகுந்து பாஸ்வேர்டுகளைத் திருடிவிட்டார்கள். காரணம், அப்போது புழக்கத்திலிருந்த டெல்நெட், பாஸ்வேர்டைப் போஸ்ட் கார்டில் எழுதுகிற மாதிரி அப்பட்டமாக அனுப்பும். அங்கிருந்த டாட்டு யூலோனென் கடுப்பாகி, எல்லாவற்றையும் ரகசியமாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.ஹெச். என்ற புரோகிராமை எழுதினார். ஃபைல் அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலி! ஜூலையில் ஐயானாவுக்கு ஒரு மெயில் தட்டினார். மறுநாளே ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸ் என்ற பெண்மணியிடமிருந்து பதில்: 22 உங்களுக்கு. சிபாரிசு இல்லை, ‘அடுத்த வாரம் வாங்க’ இல்லை!

இன்று அவ்வளவு சுலபமில்லை. 1023 வரை உள்ள நம்பர்களுக்குக் கெடுபிடி அதிகம். 49,151 வரை விண்ணப்பித்தால் நிபுணர்கள் பார்த்துக் கொடுப்பார்கள். அதற்கு மேலே அன்ரிசர்வ்டு பெட்டி. துண்டு போட்டு உட்கார்ந்துவிட்டு, வேலை முடிந்ததும் எழுந்துவிட வேண்டும்.

ஆனால் ஒன்று சார், நம்பர் என்பது வெளியே மாட்டிய போர்டு மட்டுமே. அதன் பின்னால் எந்தத் திருடனும் உட்காரலாம். ஐயானா வந்து காலரைப் பிடிக்காது. 22-ம் சரி, 443-ம் சரி, உள்ளே இருப்பவரின் அடையாளத்தைக் கம்ப்யூட்டர் சரிபார்க்கும். சந்தேகம் வந்தால் ‘ஆசாமி இவர்தானா?’ என்று நம்மைக் கேட்கும்.

ஆபீஸில் அவசரமாக, படிக்காமலே அதற்கு ‘யெஸ்’ தட்டுகிறீர்களே... போர்டைப் பார்த்துப் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ஆளைப் பார்த்துக் கொடுங்கள்!