பேளுக்குறிச்சிக் கடனும் ஐந்நூறு ரூபாய்ச் சட்டமும்

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் பேளுக்குறிச்சியை நாமக்கல், சேலம் பக்கத்துக் குடும்பங்கள் மளிகைச் சந்தையால்தான் அறியும். கோடை பிறந்தால், வருஷத்துக்கு வேண்டிய மிளகு, சீரகம், மல்லி, கடுகு, வெந்தயம் எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிப்போக ஆட்கள் வருவார்கள். வாங்குகிறவர் கையில் ரொக்கம் இருக்கும். விற்கிறவர் கணக்கு வேறு. மண்டியில் தவணைக்கு எடுத்த சரக்கு, தண்டலுக்கு வாங்கிய கைமுதல், அடகுக்குப் போன நகை என்று இவற்றின் மேல்தான் எந்த வாரச்சந்தையும் நடக்கிறது. ஒரு வருஷம் விலை சரிந்தால், வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால், கணக்கு குலைந்துவிடும். அப்படி நொடித்துப்போனவருக்கு அன்று இருந்த வழி எது, இன்று இருக்கும் வழி எது?

அன்று பேளுக்குறிச்சி சேலம் ஜில்லாவில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ஆம் தேதிதான். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு டிக்ரி வாங்கிவிட்டால், அடுத்து வீட்டு வாசலுக்கு வருபவர் அமீனா. நிலம் ஜப்தியானால் அந்த இடத்திலேயே தண்டோரா போட்டு, உத்தரவை ஒட்டிவிட்டுப் போவார்கள். பறையடித்து ஊரறியச் சொல்ல வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆளையே பிடித்து சிவில் சிறையில் வைக்கவும் இடம் உண்டு. உள்ளே அவருக்கான சாப்பாட்டுப் படியைக் கடன் கொடுத்தவர் கட்ட வேண்டும். பணக்கடன் டிக்ரிக்காகப் பெண்களைப் பிடிக்கக் கூடாது. பிடித்துவந்த ஆளிடம் நீதிமன்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: "நீ நொடித்தவன் என்று அறிவிக்கக் கோரி மனுப் போடலாம்."

அந்த மனுதான் ஊர்ப்பேச்சில் ஐ.பி., மஞ்சள் கடுதாசி. "அவர் ஐ.பி. கொடுத்துட்டாராம்" என்று சந்தையில் ஒருவர் சொன்னால், அந்தக் குடும்பத்துக்கு அதன்பின் எவரும் கடனுக்குச் சரக்குப் போட மாட்டார்கள்.

மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு 1909-ல் தனிச் சட்டம் வந்தது. மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். கடன் மொத்தம் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் டிக்ரிக்காகப் பிடிபட்டிருக்க வேண்டும். அல்லது சொத்து ஜப்தியில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தால், கடனைத் தீர்க்க வழியற்றவர் மனுப் போடலாம். கடன் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், ஊர், தொகை, தன்னிடம் மிஞ்சியிருக்கும் சொத்து எல்லாவற்றையும் மனுவில் எழுத வேண்டும். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும், சொத்தை நிர்வகிக்கும் அதிகாரியான ரிசீவர் கைக்கு அவர் சொத்து போகும். அதன்பிறகு நீதிமன்ற அனுமதி இல்லாமல் எவரும் அந்தக் கடனுக்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது. அடமானம் பிடித்தவர் மட்டும் தன் அடமானத்தின்மேல் போகலாம்.

எல்லாம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில்காரரின் கருவி, உழவரின் மாடு, ஏர், விதைத் தானியம், அவர் குடியிருக்கும் வீடு, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை ரிசீவர் தொடக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்களில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை இவ்வளவு அருகில் பார்த்து எழுதிய வரிகள் குறைவு. தாலியும் விதைநெல்லும் ஒரே பட்டியலில் காக்கப்பட்டிருப்பதைப் படிக்கும்போது எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் மரியாதை கூடுகிறது.

ஏமாற்றுகிறவரைப் பிடிக்கவும் சட்டத்தில் வழி இருந்தது. நொடிப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் மைத்துனர் பேருக்கு எழுதிவைத்த தோட்டத்தை ரிசீவர் திரும்ப இழுக்கலாம். சொத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. கடன் முற்றாக நீங்க வேண்டுமென்றால் விடுவிப்பு உத்தரவு வாங்க வேண்டும். அதற்குச் சொத்து ரூபாய்க்கு எட்டணாவாவது தேற வேண்டும், அல்லது தேறாததற்குத் தான் பொறுப்பில்லை என்று காட்ட வேண்டும். விடுவிப்பு வாங்காதவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போக முடியாது என்று அரசியல் சட்டமும் சொல்கிறது.

கெட்ட பெயர் வந்தது இந்தக் கடைசிப் படியில். மனுவைப் போட்டுப் பிடியிலிருந்து தப்பித்ததும் விடுவிப்பைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. குறித்த காலத்துக்குள் கேட்காவிட்டால் நீதிமன்றம் அறிவிப்பையே ரத்து செய்யும். கடன் மறுபடி உயிர் பெறும். சந்தைக்காரர்கள் கண்ணில் பட்டது இந்தப் பாதிவழி ஆட்கள்தான். நாணயமாக நொடித்து, நாணயமாக வெளியே வந்தவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஐ.பி. என்றால் மோசடி என்ற எண்ணம் அப்படித்தான் ஊறியது. அது நேர்மையானவருக்குச் செய்யும் அநியாயம்.

பதிவேடுகளின் கதையும் இதோடு சேர்ந்ததே. அன்று அறிவிப்பு அரசிதழில் வரும். பேளுக்குறிச்சியில் அதை யார் பார்ப்பது? வழக்கு விவரம் நீதிமன்றப் பதிவேட்டில் கிடக்கும். வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து, நகல் மனுப் போட்டு, ஸ்டாம்பு ஒட்டிக் காத்திருந்தால் தீர்ப்பின் நகல் கைக்கு வரும். ஆனாலும் ஊருக்குச் செய்தி தெரிந்துவிடும். மனுவில் பெயர் உள்ள, கடன் கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் நீதிமன்றத்திலிருந்து நோட்டீசு போகும். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது ஒரே வாரத்தில் சந்தை முழுதும் பரவும்.

இன்று கைப்பேசி போதும். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் தமிழ்நாடு, நாமக்கல் மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்து, கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் வழக்கு வரும். வழக்கு வகையில் ஐ.பி. என்று தேர்ந்தும் தேடலாம். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏறியிருப்பதால், ஒரே பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதித் தேட வேண்டும். முடிந்த வழக்குகளையும் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். கணினிக்கு ஏறாத பழைய வழக்குக்கு இன்றும் நகல் மனுதான். நிலம் வாங்குகிறவர் இதோடு வில்லங்கச் சான்றையும் போட்டுப் பார்ப்பது நல்லது. தன் கடன் வரலாற்றை அறிய, சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம்.

பதிவைத் தேடும் வழி இவ்வளவு மாறியிருக்கிறது. மனுப் போடும் வழி மாறவில்லை. இன்றும் பேளுக்குறிச்சியில் நொடிக்கும் ஒரு மளிகை வியாபாரிக்கு உள்ளது அதே 1920-ஆம் ஆண்டுச் சட்டம், அதே 500 ரூபாய் வரம்பு.

2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது. கம்பெனிகளுக்கான பகுதி உடனே ஓட ஆரம்பித்தது. தனிமனிதருக்கான மூன்றாம் பகுதியை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். உச்ச நீதிமன்றமும் 2021-ல் அது செல்லும் என்றது. மற்ற தனிமனிதர்களுக்கு அந்தப் பகுதி காகிதத்திலேயே நிற்கிறது. அதற்குள் புதுத் தொடக்கம் என்ற நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது: ஏழைக் கடனாளியின் கடனைத் துடைத்து, அவரை மறுபடி எழ விடுவது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மிகாமல், சொத்து 20,000-க்கு மிகாமல், கடன் 35,000-க்கு மிகாமல், சொந்த வீடும் இல்லாமல் இருந்தால்தான் அதில் சேர முடியும். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்தைக் குறுங்கடன் குடும்பம் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி வகுத்தது. கடன் கொடுக்கும்போது 3 லட்சம் வரை ஏழை. மன்னிக்கும்போது 60,000 வரை மட்டுமே ஏழை. இரண்டு குழுக் கடன் வாங்கிய பெண்ணே 35,000-ஐத் தாண்டிவிடுவார். புதுத் தொடக்கத்தை நாளையே தொடங்கினாலும் இந்த ஊரில் அதற்குள் நுழையக்கூடியவர் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள்.

மாகாண அரசு ஒருகாலத்தில் இதைவிடத் துணிவாக நடந்திருக்கிறது. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி தள்ளுபடியானது. வாங்கிய அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது.

பிறகு வந்த சட்டங்கள் வசூலிப்பவரின் கையைக் கட்டப் பார்த்தன. கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராக 2003-ல் ஒரு சட்டம். மிரட்டி வசூலிக்கும் நிறுவனங்களுக்கு எதிராக 2025-ல் ஒரு சட்டம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இவை தேவைதான். ஆனால் மிரட்டலை நிறுத்தினாலும் கடன் அப்படியே நிற்கும். கட்டவே முடியாதவருக்கு, 'இத்தோடு முடிந்தது, இனி புதிதாகத் தொடங்கு' என்று சொல்லும் சட்டம்தான் வேண்டும். மத்திய அரசு மூன்றாம் பகுதியை எல்லோருக்கும் தொடங்க வேண்டும். புதுத் தொடக்கத்தின் வரம்புகளை இன்றைய வருமானத்துக்கு ஏற்ப உயர்த்தவும் வேண்டும். பத்தாண்டாகத் தள்ளிப்போடுவதற்கு நியாயமில்லை.

அதுவரை கடனில் மூழ்கியிருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கட்ட முடிந்தும் இல்லை என்று கைவிரிப்பவரைத்தான் சிறையில் வைக்கலாம்; வெறும் இயலாமை குற்றமில்லை என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1980-லேயே தீர்ப்பெழுதிவிட்டார். மனுவுக்கு வக்கீல் வைக்கக் காசில்லை என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. குறைந்த வருமானக்காரர்களுக்கும் உண்டு. நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நேரில் போகலாம், 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். கடன் பட்டியலை மறைக்காமல் எழுதிக்கொண்டு போங்கள். விடுவிப்பு உத்தரவு கைக்கு வரும்வரை வழக்கைப் பாதியில் விடாதீர்கள்.