மூன்று குளிசைகளின் கணக்கு

மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரை ஊரிலிருந்து விலக்கி வைக்கவென்று பிரித்தானியர் காலத்தில் அங்கே ஒரு வைத்தியசாலை எழுந்தது. நோயை வேரறுக்கும் மருந்து அன்று கிடையாது. சுற்றிக் கிடந்த தண்ணீர்தான் வேலி. இன்றோ அதே நோயை, வீட்டிலிருந்தபடியே 6 அல்லது 12 மாதங்களில் குணமாக்கிவிடலாம். அதைச் சாத்தியமாக்கியது ஓர் அழகான பெருக்கல் கணக்கு.

முதலில் கிருமியைப் பார்ப்போம். 1873இல் நோர்வே வைத்தியர் ஹன்சன் கண்டுபிடித்த பற்றீரியா இது. சோம்பேறி என்றால் அப்படியொரு சோம்பேறி! மாலையில் உறை ஊற்றிய எருமைப்பாலைத் தயிர்க் கிருமிகள் பெருகிப் பெருகி விடியுமுன் தயிராக்கிவிடுகின்றன. தொழுநோய்க் கிருமி ஒன்று இரண்டாவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். அதனால்தான் தொற்றிய பிறகு நோய் வெளித்தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகின்றன.

அதற்குக் குளிர்ச்சியும் வேண்டும். உடலின் உள்ளே உள்ள 37 பாகை வெப்பம் அதற்கு ஒத்துவராது. காதுமடல், மூக்கு, விரல்கள், தோல், தோலையொட்டி ஓடும் நரம்புகள் என்று குளிர்ந்த இடமாகத் தேடிக் குடியேறுகிறது. நரம்பு கெடும்போது உணர்வும் போகிறது. தோலில் ஒரு வெளிறிய படை. பஞ்சு நுனியால் தொட்டால் தெரிவதில்லை. நோயைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான்.

2001இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் விஞ்ஞானிகள் வாசித்தார்கள். அதற்கு எடுத்த கிருமி தமிழ்நாட்டிலிருந்து வந்தது. சுமார் 1,600 மரபணுக்கள் வேலை செய்கின்றன. 1,100க்கு மேற்பட்டவை செத்துக் கிடக்கின்றன. பிற உயிரின் உடலுக்குள்ளேயே வாழ்ந்து பழகி, தனித்து வாழும் திறனைத் தொலைத்துவிட்ட கிருமி இது. ஆய்வுகூடத் தட்டில் இதை வளர்க்க இன்றுவரை எவராலும் முடியவில்லை.

அப்படியானால் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று சோதிப்பது எப்படி? 1960இல் ஷெப்பர்ட் என்ற அமெரிக்கர் வழி கண்டார்: எலியின் உள்ளங்கால். அதுவும் குளிர்ந்த இடம்! நோயாளியின் கிருமியை அங்கே ஏற்றி, எலியின் தீனியில் மருந்தைக் கலந்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1940களிலிருந்து டாப்சோன் என்ற ஒற்றை மருந்துதான் தொழுநோயாளரின் நம்பிக்கையாக இருந்தது. மருந்து கலந்த தீனி தின்ற எலியிலும் கிருமி பெருகுவதை 1964இல் மலேசியாவில் பெட்டிட், ரீஸ் என்ற இருவர் காட்டினார்கள். மருந்து எதிர்ப்பு, அதாவது மருந்துக்குப் பணியாத தன்மை, உறுதியானது.

இது நேர்வது தற்செயலால். கிருமி தன் மரபணுவைப் படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்துப் பிழைக்கிறது. 10 இலட்சம் கிருமிகளில் ஏறத்தாழ ஒன்று அப்படியொரு பிழையால் டாப்சோனுக்குத் தப்புகிறது. நோய் முற்றியவர் உடலில் 10,000 கோடி கிருமிகள்வரை இருக்கலாம். அதில் தப்புபவை மட்டும் ஒரு இலட்சம். மற்றவை மடிய, இடமெல்லாம் இவற்றுக்கே.

இங்கேதான் பெருக்கல் வருகிறது. ரிபாம்பிசின் என்ற இன்னொரு மருந்துக்குத் தப்புவது ஒரு கோடியில் ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் ஒருங்கே தப்பும் கிருமி 10 இலட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த நோயாளியிடமும் இல்லை! மூன்றாவதாகக் குளோபசிமினும் சேர்ந்தால் தப்பும் வாய்ப்பு இன்னும் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கூட்டு மருந்தை 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு பரிந்துரைத்தது. 1983இல் இலங்கைக்கு வந்தது. 1995இல், தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையை நாடு கடந்தது.

ஆனாலும் நோய் ஒழியவில்லை. மட்டக்களப்பில் இன்றும் புதிய நோயாளர் இனங்காணப்படுகிறார்கள். மருந்து இலவசம். இந்தக் கணக்கு பலிக்க ஒரே நிபந்தனை, மூன்றும் கடைசி நாள்வரை ஒன்றாக உடலுக்குள் போக வேண்டும்.

தோலில் தோன்றும் படை எல்லாம் தொழுநோயும் அல்ல. சோரியாசிஸ் என்ற தோல்நோய் கிருமியால் வருவதில்லை. உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி தடம் மாறி, ஒரு மாதம் எடுக்கும் தோல் புதுப்பிப்பைச் சில நாட்களில் முடிக்க வைப்பதால் செதில் செதிலாக உரிகிறது. அது தொற்றாது. அதற்கென்று நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளை நாமாக வாங்கி விழுங்கினால், உடலிலுள்ள வேறு பற்றீரியாக்களுக்குத்தான் தப்பிப் பழக வாய்ப்புக் கொடுக்கிறோம். எந்தப் படை எது என்று வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். மருந்து அதற்குப் பிறகு.